மருந்துப் பெட்டியின் சாவி யாரிடம்?

(புதுச்சேரி செல்லிப்பட்டில் ஊர் மக்கள் கூட்டத்தில், ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனை மருந்தாளுநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கஞ்சாவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஊரில் பாதிப் பேருக்குச் சிரிப்பு, மீதிப் பேருக்குப் பயம். டீக்கடையில் ஒருத்தர், "அதை போலீஸ்காரங்க இல்ல சார் பேசணும், நீங்க எதுக்கு?" என்று கேட்டார். போலீஸ்காரர்கள் விற்கிறவனைப் பற்றிப் பேசுவார்கள், பேசட்டும். நான் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து வயதானவன். ஜன்னலுக்கு வெளியே நின்று சீட்டை நீட்டுகிறவர் பெரும்பாலும் நோயாளி இல்லை. மகள், மருமகள், தம்பி பெண்டாட்டி, சில சமயம் பக்கத்து வீட்டு அண்ணன். நோயாளி வீட்டில் படுத்திருப்பார். மாத்திரையை எண்ணி வாங்குவதும், ராத்திரியில் எழுந்து கொடுப்பதும், மிச்சத்தைப் பத்திரப்படுத்துவதும் இந்த ஆள்தான். இவருக்கு என்ன உரிமை, என்ன பொறுப்பு என்பதுதான் நான் பேச வந்தது.

இப்போதெல்லாம் இளைஞர்கள் கைப்பேசியைக் காட்டி இரண்டு கேள்வி கேட்கிறார்கள். "அமெரிக்காவுல கஞ்சா எண்ணெய்ல கேன்சரே சரியாவுதாமே?" என்பது ஒன்று. "அங்க நோயாளியப் பாத்துக்கிறவங்களுக்கே அரசாங்கம் கார்டு குடுக்குதாமே, நம்ம ஊர்ல ஏன் இல்ல?" என்பது இன்னொன்று.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சரியாவதில்லை. கஞ்சா எண்ணெயால் மனிதர்களுக்குப் புற்றுநோய் குணமானதாக நிரூபணம் கிடையாது. அந்தச் செடியின் சத்திலிருந்தோ, அதைப் போலச் செயற்கையாகச் செய்தோ வந்த சில மருந்துகள் சில தொந்தரவுகளுக்கு உதவுகின்றன, அவ்வளவுதான். கீமோவில் வருகிற வாந்திக்கு ட்ரோனாபினால் என்ற மருந்தை அமெரிக்கா 1985-இல் அனுமதித்தது. வழக்கமான மருந்துக்கு அடங்காத இரண்டு வகைக் குழந்தை வலிப்புக்கு எபிடியோலெக்ஸ் என்ற திரவ மருந்தை 2018-இல் அனுமதித்தது. அந்த மருந்துக்கும் கணக்கு உண்டு. நம் பக்கத்தில் வலிப்புக்கு சாதாரணமாக எழுதுகிற குளோபசாமோடு சேர்ந்தால் குழந்தை தூங்கித் தூங்கி விழும். வால்புரோயேட்டோடு சேர்ந்தால் கல்லீரலைக் கெடுக்கலாம், அதனால் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டாக்டர் கண்காணிப்பில் அளந்து கொடுக்கிற மருந்துக்கே இந்தப் பாடு. பெயர் தெரியாதவன் புட்டியில் அனுப்புகிற எண்ணெயில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. அதற்கு சான் பிரான்சிஸ்கோ வரைக்கும் போய்வர வேண்டும்.

அங்கே மேரி ஜேன் ராத்பன் என்று ஒரு பாட்டி இருந்தார். ஓட்டலில் பரிமாறுகிற வேலை பார்த்தவர். 1980-களில் எய்ட்ஸ் வந்து இளைஞர்கள் கொத்துக் கொத்தாகச் செத்த காலம். பெற்றவர்களே கிட்ட வராத பிள்ளைகளுக்கு இவர் அரசு மருத்துவமனையில் தொண்டு செய்தார். சாப்பாடு இறங்காமல், வாந்தி நிற்காமல் எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களுக்குக் கஞ்சா கலந்து பிரவுனி என்ற கேக் சுட்டுக் கொடுத்தார். ஊரே அவரை 'பிரவுனி மேரி' என்றுதான் கூப்பிட்டது. 1981-இல் கைது செய்தார்கள், அடுத்த வருஷமும் செய்தார்கள், 1992-இல் மறுபடியும் செய்தார்கள். எழுபதை நெருங்கிய பாட்டியை போலீஸ் பிடித்துக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஜனங்களுக்கு மனசு மாறியது. 1996 நவம்பரில் கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டே ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மருத்துவர் பரிந்துரைத்தால் நோயாளி கஞ்சா வைத்துக்கொள்ளலாம், அவரைப் பராமரிக்கிறவரும் அவருக்காக வைத்துக்கொள்ளலாம் என்றது அந்தச் சட்டம்.

பராமரிக்கிறவர் என்றால் யார்? நோயாளியே பெயர் சொல்லி நியமித்த ஆள், அவருடைய இருப்பிடம், உடல்நலம், பாதுகாப்பு இவற்றில் ஒன்றையாவது தொடர்ந்து பொறுப்பேற்றுப் பார்த்துவருகிற ஆள் என்று சட்டம் சொன்னது. நம் ஊர் மாதிரியே அங்கேயும் சட்டத்தின் ஓட்டையைத் தேடுகிறவர்கள் இருந்தார்கள். ஒருத்தர் வீட்டில் செடி வளர்த்து ஐந்தாறு நோயாளிகளுக்குக் காசுக்குக் கொடுத்தார். எப்போதாவது ஓரிருவரை டாக்டரிடம் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். போலீஸ் பிடித்ததும், "நான் அவர்களைப் பராமரிக்கிறவன்" என்றார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 2008-இல் தீர்ப்பு வந்தது. கஞ்சா கொடுப்பதால் மட்டும் ஒருவர் பராமரிப்பவர் ஆகிவிட மாட்டார். அந்த மருந்து விஷயம் வருவதற்கு முன்பே, அல்லது குறைந்தது அதே நேரத்திலிருந்து, மருந்துக்குச் சம்பந்தமில்லாத பராமரிப்பையும் அவர் தொடர்ந்து செய்துவந்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

அதாவது, மலம் மூத்திரம் எடுத்தவர், சோறு ஊட்டியவர், படுக்கையைத் திருப்பிப் போட்டவர் யாரோ அவரிடம்தான் மருந்துப் பெட்டியின் சாவி போக வேண்டும். மருந்தோடு முதல் தடவையாக வாசலில் வந்து நிற்கிறவரிடம் இல்லை. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் உலகத்தில் எழுதப்பட்ட தீர்ப்புகளிலேயே நியாயமானது இதுதான்.

மிச்சிகன் மாநிலம் இதை எண்ணிக்கையாகவே எழுதிவைத்தது. 2008-இல் வந்த சட்டப்படி அங்கே பராமரிப்பவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஐந்து நோயாளிக்கு மேல் ஏற்கக் கூடாது. ஒரு நோயாளிக்குப் பன்னிரண்டு செடி, அதுவும் பூட்டிய இடத்தில். இன்னொரு பக்கம் தாய்லாந்தைப் பாருங்கள். 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப் பட்டியலிலிருந்தே எடுத்தார்கள். தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. மூன்று வருஷத்தில், 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்ப இழுத்துக் கட்டினார்கள். திறப்பது சுலபம், மூடுவதுதான் கஷ்டம். நம் பிரதேசத்தில் சாராயக் கடையை வைத்துக்கொண்டு இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

இங்கே நடப்பில் இருப்பது 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம். அந்த வருஷம் நவம்பர் 14-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அமெரிக்கா கஞ்சாச் சத்தைப் போலச் செயற்கையாகச் செய்த மருந்தை அனுமதித்ததும், நாம் கஞ்சாவுக்குப் பூட்டுப் போட்டதும் ஒரே வருஷத்தில். சட்டம் கஞ்சா என்று சொல்வது பூவும் காயும் வந்த நுனியை. தனியாகப் பறித்த இலை அதில் வராது. வடநாட்டில் இலையை அரைத்த பாங் விற்கிற கடை நடப்பது இதனால்தான். செடியின் பிசினும், அதைக் காய்ச்சி இறுக்கி எடுத்த எண்ணெயும் சரஸ் என்ற வேறு கணக்கில் வருகின்றன.

இந்த இடத்தைத் தம்பிகள் கவனமாகக் கேட்க வேண்டும். கஞ்சாவில் ஒரு கிலோவுக்குள் இருந்தால் 'சிறு அளவு'. அதற்கே ஒரு வருஷம் வரை சிறை. இருபது கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது பத்து வருஷம். சரஸில் சிறு அளவு நூறு கிராம்தான். ஒரு கிலோவைத் தாண்டினாலே வணிக அளவு. "இலையில்ல, பூவில்ல, வெறும் எண்ணெய்தானே, அம்மாவோட வலிக்குத்தானே" என்று யாரோ ஒருவனிடம் புட்டி வாங்கி வருகிற பிள்ளை, கஞ்சாப் பொட்டலத்தைவிடக் கடுமையான கணக்கில் போய் மாட்டிக்கொள்கிறான். அம்மா பேரில் மருத்துவமனை அட்டை இருக்கிறது என்பது அவனைக் காப்பாற்றாது. வீட்டுக் கொல்லையில் ஒரு செடி வளர்த்தாலும் அது தனிக் குற்றம், பத்து வருஷம் வரை போகும்.

இதில் சட்டப்படி ஒரு வழி உண்டா என்றால், குறுகலாக ஒன்று உண்டு. ஆயுர்வேத, சித்த மருந்து விதிகளில் நச்சுச் சரக்குகளுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. கஞ்சா அதில் இருக்கிறது. உரிமம் பெற்ற கம்பெனிகள் இலையிலிருந்து செய்த மருந்துகளை அந்த முறை மருத்துவர்களின் சீட்டுக்கு விற்கின்றன. புட்டியின் மேல் மருத்துவ மேற்பார்வையில் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்க வேண்டும். உரிம எண், கம்பெனி முகவரி, பதிவு பெற்ற மருத்துவரின் கையெழுத்துள்ள சீட்டு, வாங்கிய பில், இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். புற்றுநோய்க்கு ஆங்கில மருத்துவம் நடந்துகொண்டிருந்தால் அந்த டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

ஆக, கஞ்சா மருந்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மிச்சிகனில் இருப்பது போல ஒரு கார்டு இங்கே இல்லை. அப்புறம் எதற்கு இவ்வளவு பேச்சு என்றால், அதே சட்டத்தின் கீழ் வருகிற இன்னொரு மருந்து இந்த ஊர் வீடுகளுக்குள் நியாயமாகவே வந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் கார்டு இல்லை. ஆனால் பொறுப்பு முழுக்க அவர் தலையில் இருக்கிறது. அந்த மருந்து மார்ஃபின்.

அபினியிலிருந்து எடுக்கிற மார்ஃபின். மத்தியப் பிரதேசத்தில், ராஜஸ்தானில், உத்தரப் பிரதேசத்தில் அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்து விவசாயிகள் கசகசாச் செடி வளர்க்கிறார்கள். நீமச்சிலும் காஜிபூரிலும் அரசாங்கத்தின் அபினி ஆலைகள் இருக்கின்றன. உலகத்துக்கே அபினி ஏற்றுமதி செய்த நாடு இது. அப்படியிருந்தும், 1985 சட்டம் வந்த பிறகு நம் நாட்டு மருத்துவமனைகளில் மார்ஃபின் உபயோகம் 1997-க்குள் 97 சதவீதம் சரிந்தது. சட்டம் மருத்துவத்துக்குத் தடை போடவில்லை, மருத்துவத் தேவைக்கு விலக்கு உண்டு என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் மருத்துவமனை நாலைந்து லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதி ஆகிவிடும். கணக்கு பிசகினால் பத்து வருஷம் என்ற பயம் வேறு. எதுக்கு வம்பு என்று எல்லோரும் மார்ஃபினை நிறுத்தினார்கள். புற்றுநோய் வந்த ஏழை ஜனங்கள் கத்திக் கத்திச் செத்தார்கள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தை நான் வார்டு வாசலில் நின்று கேட்டிருக்கிறேன்.

மாற்றம் கேரளாவிலிருந்து ஆரம்பித்தது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் அவர் நண்பர்களும் வலி நிவாரணத்துக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்களைப் போன்றவர்கள் டெல்லிக்கு நடையாய் நடந்து, கடைசியில் 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் இந்த ஆறும் 'அத்தியாவசிய' மருந்துகள் என்று ஆயின. நாலைந்து லைசென்ஸுக்குப் பதிலாக, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரின் அங்கீகாரம் போதும் என்றானது. கோரிமேட்டு ஜிப்மரின் புற்றுநோய் மையத்திலிருந்து நம் கிராமத்துக்கு மார்ஃபின் மாத்திரை அட்டை வீடு வரைக்கும் வருகிறதென்றால் அதற்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது.

அட்டை வீட்டுக்கு வந்த நிமிஷத்திலிருந்து பொறுப்பு உங்களுடையது.

முதலில் காகிதம். மாத்திரையை எங்கே கொண்டுபோனாலும் சீட்டும் நோயாளியின் மருத்துவமனை அட்டையும் கூடவே போக வேண்டும். நம் மண்ணாடிப்பட்டு கொம்யூன் இருக்கிற இருப்பு உங்களுக்குத் தெரியும். திருக்கனூர்ப் பக்கம் வண்டியில் போனால் எது புதுச்சேரி, எது விழுப்புரம் மாவட்டம் என்று சாராயக் கடையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லையில் செக்போஸ்ட் இருக்கும், பையைத் திறக்கச் சொல்வார்கள். சட்டம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான், மத்தியச் சட்டம். சீட்டில் இருக்கிற பேரும் அளவும் கையில் இருக்கிற மாத்திரையோடு பொருந்தினால் நீங்கள் பயப்பட வேண்டியதே இல்லை. அட்டையிலிருந்து பிரித்துக் காகிதத்தில் மடித்து மடியில் செருகிக்கொண்டு போனால்தான் சந்தேகம் வரும். மார்ஃபினில் சிறு அளவு ஐந்து கிராம். அதைக் கணக்கிடும்போது மருந்தின் எடையை மட்டும் பார்ப்பதில்லை, மாவையும் சேர்த்து முழு மாத்திரையின் எடையைத்தான் பார்ப்பார்கள் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சீட்டு இல்லாத மாத்திரை சீக்கிரமே பெரிய கணக்காகிவிடும்.

வலிக்கு டிரமடால் வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். 2018 ஏப்ரலிலிருந்து அதுவும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. "போன தடவை கடைக்காரர் சும்மா குடுத்தாரே" என்று இனிமேல் கேட்காதீர்கள்.

அடுத்தது நேரம். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை நாலு மணி நேரம்தான். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து என்று எழுதித் தருவார்கள். நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்று பத்து மணிக்கு இரண்டு பங்காகக் கொடுக்கச் சொல்வதும் உண்டு. டாக்டர் எழுதியிருந்தால்தான் அப்படி, நீங்களாகச் செய்யக் கூடாது. நம் வீடுகளில் நடப்பது என்ன? "வலி வரட்டும், அப்புறம் குடுப்போம், மருந்தைச் சேத்து வைப்போம்" என்று மாமியார் சொல்வார். வலி ஏறிய பிறகு கொடுத்தால் அதை இறக்க இரண்டு மடங்கு பாடு. வலி வருவதற்கு முன்பே அடுத்த வேளை உள்ளே போய்விட வேண்டும்.

கூடவே மலச்சிக்கல் மருந்து. இதைத்தான் ஜனங்கள் விட்டுவிடுகிறார்கள். வாந்தி நாலைந்து நாளில் அடங்கும், தூக்கக் கலக்கம் இரண்டு மூன்று நாளில் தெளியும், மலச்சிக்கல் மட்டும் மார்ஃபின் இருக்கிற நாள் வரைக்கும் இருக்கும். வலியை நிறுத்திய சந்தோஷத்தில் வயிற்றை மறந்து, ஐந்தாம் நாள் நோயாளி வயிறு கல்லாகி முறுக்கிக்கொண்டு கிடக்க, "மார்ஃபின் ஒத்துக்கல" என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிற வீடுகள் நிறைய. மருந்து ஒத்துக்கொண்டது. கூட எழுதிக் கொடுத்த இன்னொரு மாத்திரையைக் கொடுக்காமல் விட்டார்கள். மார்ஃபினைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்துதான், அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

தூங்குவதற்கும் ஆபத்துக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். பல நாள் வலியில் தூங்காதவர் முதல் இரண்டு நாள் நன்றாகத் தூங்குவார். தோளைத் தொட்டுக் கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொன்னால் தூங்கட்டும், விடுங்கள். உலுக்கியும் எழவில்லை, கண்மணி கடுகு மாதிரி சுருங்கியிருக்கிறது, மூச்சு எண்ணினால் நிமிஷத்துக்கு எட்டுக்கும் குறைவு என்றால் அடுத்த வேளை கொடுக்காதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சை எண்ணத் தெரியாதவர் யாரும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினால் போதும்.

"மார்ஃபின்னா கடைசி மருந்து, அது வந்தா ஆளு போயிடுவாங்க" என்ற பேச்சும் இங்கே இருக்கிறது. நோய் முற்றிய நிலையில்தான் நம் வீட்டுக்கு மார்ஃபின் வருகிறது, அதனால் பழி மார்ஃபினுக்குப் போகிறது. அளவோடு கொடுத்தால் அது ஆளைக் கொல்வதில்லை. டாக்டர் கண்காணிப்பில் வலிக்குச் சாப்பிடுகிறவர் போதைக்கு அடிமையாவதும் அபூர்வம். வலி நின்று, எழுந்து உட்கார்ந்து, பேரனுக்குக் கதை சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் மாமனாரைப் பார்த்துக்கொண்ட ஒரு மருமகள் பிள்ளையின் பழைய பள்ளிக்கூட நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். ஒரு கட்டத்தில் மணி, அடுத்ததில் மாத்திரை எண்ணிக்கை, மூன்றாவதில் அவள் கண்ணால் பார்த்தது. அந்த மூன்றாவது கட்டம்தான் தங்கம். "அழுதார்." "பேசினார்." "இட்லி ரெண்டு." "திரும்பிப் படுக்கும்போது கத்தினார், படுத்தப்புறம் இல்ல." டாக்டர்கள் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். நம் மாமனார்கள் பத்துக்கு எத்தனை என்று சொல்லிப் பழகியவர்களா? "இருக்குது" என்பார்கள், அவ்வளவுதான். திரும்பும்போது மட்டும் வலிக்கிறது என்று அந்த நோட்டைப் படித்துத்தான் டாக்டருக்குத் தெரிந்தது. படுக்கை மாற்றுவதற்கு அரை மணி முன்னால் கூடுதலாக ஒரு வேளை கொடுக்கச் சொல்லி எழுதினார். எட்டாம் வகுப்பு வரை படித்த பெண் அவள். அப்படி ஒரு நோட்டு பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே எப்போதும் இருப்பதில்லை.

அவள் இன்னொன்றும் செய்தாள். மாத்திரை டப்பாவை பீரோவில் பூட்டி, சாவியைத் தாலிச் சரட்டில் ஊசி போட்டு மாட்டிக்கொண்டாள். வீட்டில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றுகிற பிள்ளைகளைப் பற்றித் தினம் பேப்பரில் வருகிறது. நம் பிள்ளை அப்படி இல்லை என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். பூட்டு பிள்ளையைச் சந்தேகப்படுவதற்காக இல்லை. யார் எடுத்தார்கள் என்ற பேச்சே வராமல் இருப்பதற்காக. மாத்திரை குறைந்தால் முதல் கேள்வி மருமகளிடம்தான் வரும் என்பது இங்கிருக்கிற பெண்களுக்குத் தெரியும். நோட்டும் சாவியும் அவள் பக்கத்துச் சாட்சி.

பூட்டு இன்னொரு ஆபத்துக்கும் வேண்டும். "மூட்டு வலி உயிர் போவுது, ஒண்ணே ஒண்ணு குடும்மா" என்று பெரியம்மா வருவார். இல்லை என்று சொல்ல நம் வாயில் வராது. ஆனால் அந்த மாத்திரை ஒரே ஒரு பேருக்கு எழுதியது. இன்னொருவருக்குக் கொடுத்தால், காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், சட்டத்தின் முன்னால் அது குற்றம். அதைவிட முக்கியம், மார்ஃபின் பழகாத உடம்பு, அதுவும் சிறுநீரகம் தளர்ந்த வயசான உடம்பு, நோயாளிக்குப் பழகிய அளவைத் தாங்காது. "டாக்டர் எண்ணிக் கேப்பாரு பெரியம்மா" என்று சொல்லிவிடுங்கள். பழியை டாக்டர் மேல் போடுங்கள், அவர் தாங்குவார்.

ஃபென்டனில் பட்டை ஒட்டுகிற வீடு இருந்தால் அதற்குத் தனி ஜாக்கிரதை. மூன்று நாளைக்கு ஒரு தடவை தோலில் ஒட்டுகிற பட்டை அது. அதன் மேல் வெந்நீர் ஒத்தடம் கூடாது, வெயிலில் உட்கார வைக்கக் கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உள்ளே போகும். காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான், டாக்டருக்குச் சொல்ல வேண்டும். மூன்று நாள் ஆன பழைய பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும். குழந்தை எடுத்துக் கையில் ஒட்டி விளையாடினால் உயிருக்கே ஆபத்து. உரித்தவுடன் ஒட்டுகிற பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்துவிடுங்கள்.

பார்த்துக்கொள்கிறவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூறு நாள் வேலைக்குப் போகாமல், நடவுக்குப் போகாமல், மாசக்கணக்கில் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறவர் பெரும்பாலும் ஒரு பெண். கேரளாவில் 2008-இலேயே வலி நிவாரணப் பராமரிப்புக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தார்கள். ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு முறை வைத்து நோயாளி வீட்டுக்குப் போகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்பும் வீடு தேடிப் போகிறது. இந்தப் பக்கம் நம் மகளிர் குழுக்கள் வட்டிக் கணக்கு பார்க்கிற நேரத்தில் கால் மணி இதற்கு ஒதுக்கினால், வாரத்தில் ஒரு மதியம் அந்த மருமகளை வீட்டை விட்டு வெளியே அனுப்பலாம். அவள் எங்கே போகிறாள் என்று கேட்க வேண்டாம். தூங்கப் போனாலும் சரி, சினிமாவுக்குப் போனாலும் சரி. ஆனால் சாவியை வாங்கிக்கொள்கிற பெண் அந்த வீட்டில் ஏற்கெனவே கால் வைத்துப் பழகியவளாக இருக்க வேண்டும். கலிஃபோர்னியா நீதிபதிகள் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத விஷயம். நோயாளி இறந்த பிறகு மிச்சம் இருக்கிற மாத்திரை. துக்க வீட்டில் யாருக்கும் அந்த நினைப்பு இருக்காது. காரியம் முடிகிற வரைக்கும் உறவு ஜனம் வந்து போகும், பீரோ திறந்தே கிடக்கும். இறந்த அன்றைக்கே டப்பாவை எடுத்துப் பூட்டி, சாவியை ஒரு ஆளிடம் கொடுத்துவிடுங்கள். நோட்டில் கடைசியாக எத்தனை மாத்திரை இருந்தது என்று எழுதி, பக்கத்தில் இன்னொருவர் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். சௌகரியப்பட்ட நாளில் மருந்து கொடுத்த மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள். அவர்கள் பதிவேட்டில் வரவு வைப்பார்கள். போகவே முடியாது என்றால், 2025-இல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறது. மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், டயஸபாம் உட்பட 17 மருந்துகளை மட்டும் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்கிறது. வீட்டில் கிடந்து தப்பான கைக்குப் போவதைவிட அது மேல் என்ற கணக்கு. மற்ற மாத்திரைகளை அப்படிச் செய்யாதீர்கள். எதையும் பொட்டலமாகக் கட்டி சங்கராபரணியில் வீசாதீர்கள். ஆற்றங்கரையில் ஆடு மேய்க்கிற பிள்ளைகள் எதையும் பிரித்துப் பார்ப்பார்கள்.

நோட்டோடு வந்திருக்கிற தாய்மார்கள் மூன்று பேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முதலில் இந்த மேசைக்கு வரட்டும், வேளைக் கணக்கைச் சேர்ந்து பார்ப்போம். எண்ணெய்ப் புட்டியின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருக்கிற தம்பியும் கூட்டம் கலைந்த பிறகு இருங்கள். உரிம எண் இருக்கிறதா என்று இரண்டு பேருமாகத் தேடிப் பார்க்கலாம்.